ஈஸ்ட் எந்தக் கிருமியைப் பிடிக்கும்?

கோழித் தீவனத்தில் ஈஸ்ட் சேர்ப்பது பற்றிய கட்டுரைகளை வரிசையாகப் படித்தால் ஒன்று உறுத்துது. "ஈஸ்ட் தீங்கான பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும்" என்று ஒரே மூச்சில் சொல்லிடுறாங்க. எந்த ஈஸ்ட், எந்தப் பாக்டீரியா?

அடிப்படை அறிவியலில் எனக்குச் சந்தேகம் இல்லை. ரொட்டிக்குப் போடுகிற சாக்கரோமைசஸ் செரிவிசியே ஈஸ்ட்டின் செல்சுவரில் மேனோஸ் என்ற சர்க்கரை சங்கிலி சங்கிலியாக இருக்கு. சால்மொனெல்லா டைபிமூரியம், ஈ.கோலை மாதிரி கிருமிகளின் மேல் நுண்ணிய இழைகள் இருக்கும். இழை நுனியில் இருக்கும் ஃபிம்எச் என்ற புரதம், குடல் செல்லில் உள்ள மேனோஸைப் பிடித்துத்தான் ஒட்டும். ஈஸ்ட் சுவர்த்துண்டு குடலுக்குள் வந்தால் கிருமி ஏமாந்து அதைப் பிடித்துக்கொண்டு எச்சத்தோடு வெளியே போயிடும். குடிதண்ணீரில் வெறும் மேனோஸ் கலந்து கொடுத்தாலே குஞ்சுகளின் குடலில் டைபிமூரியம் தங்குவது குறையுது என்று 1989லேயே அமெரிக்காவில் காட்டிட்டாங்க.

அழகான தந்திரம்தான். ஆனால் மேனோஸைப் பிடிக்கிற கிருமியிடம் மட்டும்தான் செல்லும்.

கோழி டைபாய்டு கொண்டுவரும் சால்மொனெல்லா கேலினாரத்தை எடுத்துக்கங்க. இதற்கும் அந்த இழை இருக்கு, நுனியில் ஃபிம்எச்சும் இருக்கு. ஆனால் அதில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதால் மேனோஸைப் பிடிக்காது. குஞ்சுகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் புல்லோரமும் அப்படியே. அதாவது, பறவைக்கே பெரிய நோய் தருகிற இரண்டு சால்மொனெல்லாவுக்கும் இந்தப் பொறி பொருந்தாது. மனுஷங்களுக்கு வயிற்றுப்போக்கு கொடுக்கிற கேம்பைலோபாக்டரிடம் அந்த இழையே கிடையாது. போலார்டி என்ற ஈஸ்ட்டைப் பிராய்லர்களுக்குக் கொடுத்த 1990களின் சோதனையிலும் சால்மொனெல்லா குறைந்தது, கேம்பைலோபாக்டர் பெரிதாக அசையவில்லை. இது தோல்வி இல்லை, எதிர்பார்க்க வேண்டிய முடிவு. ஆனால் "சால்மொனெல்லாவுக்கு எதிராக" என்று பொதுவாக எழுதினால் இந்த வித்தியாசமே காணாமல் போயிடுது.

ஈஸ்ட் பக்கமும் இதே குழப்பம். உயிருள்ள ஈஸ்ட், செத்த ஈஸ்ட்டின் செல்சுவர், ஈஸ்ட் நொதித்த கரைசலைக் காயவைத்த பொடி எல்லாம் வேறு வேறு சரக்கு. சுவரில் உள்ள பீட்டா குளுக்கான் நோய் எதிர்ப்பைத் தூண்டலாம். அது மேனோஸ் வழியிலிருந்து தனியான வழி. எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுச் சராசரி எடுத்தால் வருவது எதைப் பற்றிய சராசரி?

எண்களையும் கவனிக்கணும். "ஒரு லாக் குறைந்தது" என்றால் 90 சதவீதம் போச்சு, கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் குடல்முனையில் கிராமுக்கு 1 கோடி இருந்தது 10 லட்சமாகியிருக்கு, அவ்வளவுதான். அந்தக் கோழி இன்னமும் கிருமியைச் சுமக்குது, எச்சத்தில் போட்டுக்கிட்டே இருக்கு. எத்தனை கோழிகளில் கிருமி அறவே இல்லாமல் போச்சு என்பதையும் சேர்த்துச் சொல்கிற ஆய்வுதான் எனக்குப் பயன்படுது.

இவ்வளவு நோண்டுவதற்குக் காரணம் இருக்கு. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை 2006 ஜனவரியில் நிறுத்திடுச்சு. இந்தியா 2019ல் கோழிகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது. இரண்டும் சரியான முடிவு. அந்த இடத்தை நிரப்ப வருகிற பொருள்களில் ஈஸ்ட்டும் ஒண்ணு. முட்டைக்கோழிக் கொட்டகையில் டைபாய்டு வந்து பறவைகள் சாகும்போது, "சால்மொனெல்லாவைத் தடுக்கும்" என்ற வரியை நம்பி ஒருத்தர் செல்சுவர் மூட்டை வாங்கினால், அவர் காசு கொடுத்தது டைபிமூரியத்துக்கான பொறிக்கு. கொட்டகையில் இருப்பதோ கேலினாரம்.