இலை செய்த வேலை என்ன?

வேப்பிலை, துளசி, முருங்கை, கற்றாழை ஆகியவற்றின் சாற்றைக் கொண்டு துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களைத் தயாரித்ததாகக் கூறும் ஆய்வுக் கட்டுரைகள் பல ஆண்டுகளாக ஏராளமாக வந்துகொண்டிருக்கின்றன. இம்முறைக்குப் 'பசுமைத் தொகுப்பு' என்று பெயர். நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அத்தனை நுண்ணிய பொடியை நச்சு வேதிப்பொருள்களைக் குறைத்துத் தயாரிக்க வேண்டும் என்னும் நோக்கம் போற்றத்தக்கதே. ஆனால் வாசகர்களே, இக்கட்டுரைகளுள் பலவற்றைப் படிக்கும்போது ஓர் ஐயம் எழுகிறது: இதில் இலை செய்த வேலை என்ன?

வழக்கமான செய்முறை இதுதான். இலைச் சாற்றில் துத்தநாக நைட்ரேட்டைக் கரைக்கிறார்கள். குழம்புப் பதம் வரும்வரை காய்ச்சுகிறார்கள். பிறகு உலையில் ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். வெண்பொடி கிடைக்கிறது. இலையிலுள்ள பீனால் சேர்மங்கள் துத்தநாக அயனிகளை ஒடுக்கியதால் இது விளைந்தது என்று விளக்கம் எழுதுகிறார்கள்.

இவ்விளக்கம் வெள்ளி நானோ துகள்களுக்குப் பொருந்தும். வெள்ளி அயனி ஓர் எலக்ட்ரானைப் பெற்றால்தான் வெள்ளி உலோகமாகும்; அதுவே ஒடுக்கம். துத்தநாகத்தின் கதை வேறு. நைட்ரேட்டில் அதன் ஆக்சிஜனேற்ற எண் +2, ஆக்சைடிலும் +2. எதுவும் ஒடுக்கப்படவில்லையே! வெள்ளிக்கு எழுதிய விளக்கத்தை அப்படியே துத்தநாகத்துக்கும் எடுத்து எழுதுவது பிழை.

உலையைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். மேல்நிலைப் பள்ளியில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்கு நினைவிருக்கும்: துத்தநாக உப்பைச் சூடாக்கினால் சூட்டில் மஞ்சள், ஆறினால் வெள்ளை. அந்த வெள்ளைப் பொருள் துத்தநாக ஆக்சைடே. நைட்ரேட்டை இலையின்றிச் சுட்டாலும் பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடு வெளியேறி, ஆக்சைடு எஞ்சும். இலைச் சாற்றின் கரிமப் பொருள்களோ அந்தச் சூட்டில் பெரும்பாலும் எரிந்துபோகும்.

இலை எதுவுமே செய்யாது என்று நாம் சொல்லவில்லை. சாற்றிலுள்ள அமிலங்கள் துத்தநாக அயனிகளைப் பற்றிக்கொள்ளலாம். எரியும்போது வெளிவரும் வாயுக்கள் துகள்கள் ஒட்டித் திரளாமல் தடுக்கலாம். ஆனால் 'செய்யலாம்' என்பது வேறு, 'செய்தது' என்பது வேறு. இரண்டுக்கும் நடுவே ஓர் எளிய சோதனை இருக்கிறது. சாற்றுக்குப் பதில் நீரை ஊற்றி, மற்ற அனைத்தையும் அதே அளவில், அதே சூட்டில் செய்து, இரு பொடிகளையும் ஒப்பிட வேண்டும். இந்த ஒப்பீட்டுச் சோதனைதான் பல கட்டுரைகளில் காணப்படவில்லை.

கரைசலிலிருந்து துகள் வளர்க்கும் கலை வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 1991இல் ஸ்பான்ஹெல், ஆண்டர்சன் இருவரும் ஆல்கஹாலில் துத்தநாக அசிட்டேட்டுடன் லித்தியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்துச் சில நானோமீட்டர் அளவுள்ள துகள்களைப் பெற்றனர். 2003இல் வேசியர்ஸ், நீரில் கரைத்த துத்தநாக நைட்ரேட்டையும் ஹெக்சாமீனையும் 95 டிகிரியில் வைத்து, அறுகோண வடிவக் கோல்களை வளர்த்துக் காட்டினார். இங்கே ஹெக்சாமீனின் வேலை தெளிவு: அது சிறிது சிறிதாகச் சிதைந்து அம்மோனியாவைத் தருகிறது, அதனால் காரத்தன்மை நிதானமாக ஏறுகிறது. எரிசோடாவை ஒரேயடியாகக் கொட்டினால் வீழ்படிவு சட்டென்று இறங்கும். மிகையானால் அதுவே மீண்டும் கரைந்தும்விடும். கற்கண்டு விளைவதைப் போலப் படிகத்துக்கும் நிதானம் வேண்டும்.

ஒரு சிறு கட்டுரையின் குறையை இவ்வளவு பேசுவானேன் என்று கேட்கலாம். முதல் கட்டுரையில் இலையின் பங்கு மெய்ப்பிக்கப்படாவிட்டால், வேப்பிலை சிறந்ததா, துளசி சிறந்ததா என்று அடுத்து வரும் ஆராய்ச்சி அடித்தளமில்லாத வீடாகிவிடும். மாணவரின் காலமும் பொதுப் பணமும் அதில் கரையும். மூலிகைப் பெயரைக் கேட்ட பொதுமக்களோ, பொடியில் மூலிகையின் குணம் இருக்கிறது, ஆகவே அது தீங்கற்றது என்று நம்பிவிடக்கூடும். உலையில் அந்த மூலிகை எரிந்துபோனதை அவர்கள் அறியமாட்டார்கள்.

கல்லூரியில் இத்தகைய ஆய்வைச் செய்யப்போகும் நண்பர்களே! உங்கள் உலையில் இரண்டு கிண்ணங்களை வையுங்கள். ஒன்றில் சாறு, மற்றொன்றில் நீர். நச்சு வாயு வெளிவருமாதலால் ஆசிரியர் மேற்பார்வையில், வாயு வெளியேற்றும் அறையில் செய்யுங்கள். இரண்டிலும் ஒரே பொடி கிடைத்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அதுவும் ஒரு கண்டுபிடிப்பே. மற்றவர்களே, இத்தகைய செய்தியை இனிப் படிக்கும்போது ஒன்று கேளுங்கள்: இலை இல்லாத கிண்ணம் எங்கே?