நாலு பேர் நிற்கும் இடம்

1

"இது நாலு பேரு நிக்கிற இடம்மா. வண்டிய அங்கிட்டு நிப்பாட்டிட்டு வாங்க."

திருவிழா நாளில் ஓர் அம்மன் கோயில் வாசலில் காவலுக்கு நின்றவர் என் அக்காவிடம் சொன்னது இது. கோயிலின் பெயர் வேண்டாம். எந்த ஊர்க் கோயிலிலும் இதே வாக்கியம் இதே தொனியில் சொல்லப்படுகிறது. அவர் கெட்ட மனிதரும் அல்ல. குடிக்கத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். அக்கா என் பெரியம்மா மகள். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டவள். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியே வீட்டுக்குப் பாதிச் செலவைப் பார்த்தவள். கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி அவளுடையது. வண்டியை நிப்பாட்டிவிட்டு அவள் எதில் வருவது? அந்தக் கேள்வி காவலருக்கு எழவில்லை. வண்டி வேறு, மனுஷி வேறு என்று அவர் பிரித்துப் பார்த்தார். அக்காவிடம் அந்தப் பிரிவினை கிடையாது. வண்டியும் அவள் உடம்புதான்.

அன்றைக்கு அவள் உள்ளே போகவில்லை. பெரியம்மா மட்டும் வழக்கம்போலக் கால் உருவம் பொறித்த வெள்ளித் தகடு ஒன்றை வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள். தகட்டுக் கால் உள்ளே போயிற்று. எந்தக் காலுக்காக அது நேர்ந்துகொள்ளப்பட்டதோ அந்தக் கால் வெளியே செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் இருந்தது.

'நாலு பேர் நிற்கும் இடம்' என்ற அந்த வாக்கியத்தை ஒரு பிரதியாக எடுத்து வாசித்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காவலரின் கணக்கு சரியானது. ஒரு சக்கர நாற்காலி ஏறத்தாழ 70 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளம். முக்கால் சதுர மீட்டருக்குச் சற்று மேல். நெரிசலான வரிசையில் ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேர் நின்றால், நாற்காலியின் இடத்தில் நாலு பேர் நிற்பார்கள்தான். மூன்று சக்கர வண்டி இன்னும் கூட எடுத்துக்கொள்ளும். கணக்கில் தப்பில்லை. அந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்படும் முடிவில்தான் தப்பு இருக்கிறது.

2

கூட்டத்துக்கு விலகத் தெரியாது என்று சொல்ல முடியுமா? சாத்தூருக்குக் கிழக்கே இருக்கன்குடியில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இடத்தில், ஆடிக் கடைசி வெள்ளியன்று போய்ப் பாருங்கள். கரிசல்காடு முழுக்க நடந்து வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். நிற்க இடமில்லாத அந்தக் கூட்டத்துக்குள் அக்கினிச் சட்டி எடுத்து வருகிறவர்களுக்கு வழி கிடைக்கிறது. சூட்டுக்குப் பயந்து விலகுகிறார்கள் என்று சொல்லலாம். சரி, மாரியம்மன் கோயில்களில் கரும்புத் தொட்டில் எடுத்து வருகிறார்களே, அதற்கு? கரும்பில் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, பிள்ளையை உள்ளே போட்டு, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தோளில் சுமந்து வருவார்கள். நீளக் கரும்பு. அது எடுக்கும் இடத்தில் நாலு பேர் என்ன, எட்டுப் பேர் நிற்கலாம். யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. "ஏய், தொட்டில் வருது, வழிய விடுங்கப்பா" என்று கூட்டமே குரல் கொடுக்கிறது.

இதே பிள்ளையை ஒரு தள்ளுவண்டியில் வைத்துத் தாய் ஒருத்தி தனியாக உருட்டிக்கொண்டு வரட்டும். "கூட்டத்துல இத எதுக்குத் தூக்கிட்டு வந்தீக? பிள்ளைய இடுப்புல வைக்க வேண்டியதுதான?" என்பார்கள்.

அங்கப்பிரதட்சணத்தையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஈரத் துணியோடு பிரகாரத்தில் உருண்டு வருகிற உடம்புக்குக் கூட்டம் காலைத் தூக்கி வழிவிடுகிறது. அதே தரையில், கால் விளங்காத ஒருவர் கையை ஊன்றித் தவழ்ந்து வந்தால் கூட்டம் சில்லறையைத் தேடுகிறது. இரண்டும் தரையில் கிடக்கும் உடம்புகள்தான். ஒன்று பக்தியாகவும் மற்றது பிச்சையாகவும் வாசிக்கப்படுகிறது. முதலாமவர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போய்விடுவார் என்பதுதான் வித்தியாசம்.

ஆக, கூட்டத்துக்கு விலகத் தெரியும். எதற்கு விலகுவது என்பதற்கு அதனிடம் ஓர் இலக்கணம் இருக்கிறது. வேண்டுதலுக்கு விலகும், தேவைக்கு விலகாது. ஊனமுற்றோரைத் தெய்வாம்சம் பொருந்தியவர்களாக்கும் 'திவ்யாங்' என்ற சொல்லை 2015-இல் பிரதமர் முன்மொழிந்தபோது, இந்த இலக்கணம்தான் அரசு மொழியாயிற்று. உடம்பைப் புனிதமாக்குவதற்குச் செலவில்லை. வாசல்படிக்குச் சரிவு கட்டத்தான் செலவாகும்.

3

இது நம் பின்தங்கிய ஊரின் பிரச்சினை, வளர்ந்த நாடுகளில் இப்படி இல்லை என்று உடனே ஒரு குரல் வரும். வளர்ந்த நாட்டின் ஆகப்பெரிய திருவிழாத் திடலையே பார்த்துவிடுவோம். நம் ஊர்ப் பொருட்காட்சியில் ராட்டினமும் டில்லி அப்பளமும் இருக்கிற மாதிரி, 1955-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டிஸ்னிலாந்தும் அடிப்படையில் ராட்டினத் திடல்தான். வெளியே இருக்கும் அமெரிக்கா நிஜம் என்று நம்ப வைப்பதற்காகவே டிஸ்னிலாந்து கற்பனை உலகமாகக் காட்டப்படுகிறது என்று போத்ரியார் 1981-இல் எழுதினார். அவர் வரிசையில் நின்றவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம். கற்பனை உலகத்தில் மாறாத நிஜம் அந்த வரிசைதான்.

அங்கேயும் இதே வாக்கியம் ஓயாமல் சொல்லப்படுகிறது. குழந்தைத் தள்ளுவண்டிகள் பாதையை அடைக்கின்றன. மின்கல ஸ்கூட்டர்கள் குதிகாலில் இடிக்கின்றன. நடக்கத் தெம்பிருக்கிறவர்களும் சோம்பலில் ஸ்கூட்டர் எடுத்துவிடுகிறார்கள். முறையீடுகள் எல்லாம் பொய்யல்ல. இடிபட்டவர் காலுக்கு வலி நிஜம்தான். 2019 மே மாதம் முதல் 31 அங்குல அகலத்துக்கும் 52 அங்குல நீளத்துக்கும் மேற்பட்ட தள்ளுவண்டிகளை அமெரிக்க டிஸ்னி பூங்காக்கள் தடைசெய்தன. 2013-இல், பணக்காரக் குடும்பங்கள் மாற்றுத்திறனாளி ஒருவரை வாடகைக்கு அமர்த்தி அவரைக் காட்டி வரிசையைத் தாண்டுகின்றன என்ற செய்தி நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வந்தது. அந்த ஆண்டே சலுகை அட்டை முறை மாற்றப்பட்டது. 2024-இல் சலுகை மேலும் குறுக்கப்பட்டு, பெரும்பாலும் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உடையவர்களுக்கே என்றாயிற்று.

ஏமாற்றியவர் பணக்காரர். சந்தேகப் பார்வையைச் சுமப்பது நாற்காலியில் இருப்பவர். அவருடைய உடம்பு தன்னைத் திரும்பத் திரும்ப நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சந்தேகத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று நடந்தது. பல ஆண்டுகளாக எல்லோருக்கும் இலவசமாக இருந்த விரைவு வரிசையை 2021-இல் நிர்வாகம் காசுக்கு விற்கத் தொடங்கிற்று. காசு கொடுத்தவர் தாண்டிப் போவதைப் பார்த்து வரிசை முணுமுணுத்தாலும் அவரை மோசடிக்காரர் என்று சொல்வதில்லை. நாள் முழுக்க மைல் கணக்கில் நடந்தே தீர வேண்டிய திடலைக் கட்டியதும், தள்ளுவண்டியையும் ஸ்கூட்டரையும் வாடகைக்கு விடுவதும், ஒரே நாளில் இத்தனை பேருக்குச் சீட்டு விற்பதும் ஒரே நிர்வாகம்தான். கோபம் மட்டும் பக்கத்தில் உருள்கிற சக்கரத்தின் மேல் போய் விழுகிறது.

நம் கோயிலுக்குத் திரும்புவோம். இலவச வரிசையில் ஐந்து மணி நேரம் கால் கடுக்க நிற்கிற மூதாட்டியின் எரிச்சலை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் சிறப்பு தரிசனச் சீட்டுக்காரர் பக்கத்துக் கம்பித் தடத்தில் விறுவிறு என்று போகும்போது அவள் பேசாமல் நிற்கிறாள். நாற்காலி ஒன்று முன்னே அனுப்பப்பட்டால், "நாங்க மட்டும் என்ன, கல்லா நிக்கோம்?" என்று கேட்கிறாள். காசு வாங்கிய இடத்தைத் தரவில்லை, தேவையின் பேரில் கிடைத்த இடத்தை மட்டும் கேள்வி கேட்கத் தோன்றுகிறது. அதிகாரம் எதிரே வந்து நிற்காமல் இப்படி நம் வாய் வழியாகவே பேசிவிடும்.

4

திரும்பி வரும்போது அக்கா ஒன்று சொன்னாள். "தேரு மட்டும் எம்புட்டு எடம் எடுக்குது. அதுக்கும் சக்கரந்தான?"

இதற்கு மேல் ஒரு கோட்பாடு எனக்குத் தேவைப்படவில்லை. தேரைவிடப் பெரிய வண்டி ஊரில் கிடையாது. தேர் வரும் என்று கடைகளின் கூரையைப் பிரிக்கிறோம், மின்கம்பியைக் கழற்றுகிறோம், தெருவை அகலப்படுத்துகிறோம். யாரும் தேரை 'இடைஞ்சல்' என்று சொன்னதில்லை. இடைஞ்சல் என்பது அளவைக் குறிக்கும் சொல் இல்லை. ஊர் எதை நடுவில் வைத்திருக்கிறது, எதை ஓரத்தில் வைத்திருக்கிறது என்பதைக் குறிக்கும் சொல்.

கரிசல்காட்டுக்காரர்களுக்கு இது புதிய செய்தியல்ல. கோவில்பட்டியிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க கழுகுமலையில், 1895 ஏப்ரலில், பங்குனி உத்திரத் தேரின்போது கலவரம் மூண்டு உயிர்கள் போயின. தேர்வீதிகளில் ஊர்வலம் போகும் உரிமை நாடார்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. வழக்காடினார்கள். ஒரு பகுதியினர் கத்தோலிக்கத்துக்கு மாறினார்கள். தேர்வீதியில் அவர்களுடைய வழிபாட்டிடத்தின் முன்னால் போடப்பட்ட பந்தல் தேருக்கு இடைஞ்சல் என்பதில்தான் சச்சரவு வெடித்தது. ஹார்ட்கிரேவ் 1969-இல் ஆய்வு நூலாகவும், பூமணி 2012-இல் 'அஞ்ஞாடி' நாவலாகவும் எழுதியது இந்த வரலாற்றைத்தான். சாதி ஒடுக்குமுறையும் உடற்குறையும் ஒன்று என்று நான் சமப்படுத்த வரவில்லை. அவற்றின் வலி வேறு, வன்முறை வேறு. ஆனால் 'தெரு யாருடையது' என்ற கேள்வியை 'எது இடைஞ்சல்' என்ற கேள்வியாக மாற்றிவிடும் தந்திரம் இரண்டிலும் ஒன்றே.

எலியாஸ் கனெட்டி 'கூட்டமும் அதிகாரமும்' பற்றி 1960-இல் எழுதிய நூலில், அந்நியர் தொடுகைக்கு அஞ்சும் மனிதன் கூட்டத்துக்குள்தான் அந்த அச்சத்திலிருந்து விடுபடுகிறான், அங்கே எல்லோரும் சமம் என்று உணர்கிறான் என்கிறார். திருவிழாவில் நசுங்கி நின்ற யாருக்கும் அந்தச் சுகம் தெரியும். ஆனால் கனெட்டியின் கூட்டம் நிற்கிற உடம்புகளால் ஆனது. தோளோடு தோள் உரசுகிறவர்கள் சமம். அவர்களுடைய இடுப்பு உயரத்தில் முகம் இருக்கிற அக்காவுக்கும், இடுப்பில் இல்லாமல் வண்டியில் இருக்கிற பிள்ளைக்கும் கூட்டம் என்பது பைகளும் முழங்கைகளும் நிறைந்த சுவர். மூச்சு முதலில் முட்டுவதும் அந்த உயரத்தில்தான்.

5

இப்போது காவலரின் கணக்கைத் திருப்பிப் போடலாம். ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து பேரைத் தாண்டினால் கூட்டம் தன் இஷ்டத்துக்கு நடப்பதை இழக்கிறது. தள்ளல் அலையாகப் பரவுகிறது. கூட்ட நெரிசலில் பலரும் மிதிபட்டுச் சாவதில்லை. நின்றபடியே, நெஞ்சுக்கூடு விரிய இடமில்லாமல் மூச்சடைத்துச் சாகிறார்கள். 1992 பிப்ரவரியில் கும்பகோணம் மகாமகத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர். 2024 ஜூலையில் ஹாத்ரஸில் 121 பேர். 2025 செப்டம்பரில் கரூரில் அரசியல் கூட்டத்தில் 41 பேர், அதில் குழந்தைகளும் உண்டு. இந்த இடங்களில் பாதையை அடைத்தது சக்கர நாற்காலியோ தள்ளுவண்டியோ அல்ல.

ஒரு சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 150 செ.மீ. விட்டம் வேண்டும். அது உருண்டு வரவும், நினைத்தால் திரும்பிப் போகவும் முடிகிற கூட்டத்தில் ஒருவரும் மூச்சு முட்டிச் சாக மாட்டார்கள். அது முட்டி நிற்கிற இடத்தில் நடக்கிறவர்களின் உயிரும் ஆபத்தில்தான் இருக்கிறது, அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவே. 'நாலு பேர் நிற்கும் இடம்' என்று நாம் சொல்வது உண்மையில் நாலு பேர் மூச்சுவிடும் இடம். அக்காவின் வண்டி அதை யாரிடமிருந்தும் பறிக்கவில்லை. பறிபோய்விட்டது என்று காட்டிக் கொடுத்தது.

சட்டம் இருக்கிறது. 1995-இல் ஒன்று, 2016-இல் அதைவிட விரிவாக ஒன்று. 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று சொல்லி விதி ஒன்றை ரத்து செய்தது. தமிழ்நாட்டரசு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்களை இலவசமாகத் தருகிறது. நல்லதுதான். ஆனால் வண்டியைக் கொடுத்துவிட்டு வழியைக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று கரிசல்காட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மழை பெய்தால் இந்த மண் சக்கரத்தில் அப்பி அப்பி, நாலு சுற்றில் வண்டியை நிப்பாட்டிவிடும். அப்போது சக்கரத்தைக் குறை சொல்லி ஆவதில்லை. இறங்கி மண்ணைச் சுரண்ட வேண்டும்.

அடுத்த திருவிழாவுக்கு வரிசைக்குச் சவுக்குக் கம்பு நடும்போது, முதலில் ஒரு காலி நாற்காலியை வாசலிலிருந்து சன்னதி வரை உருட்டிப் பார்க்கட்டும். எங்கே முட்டுகிறதோ அங்கே கம்பைப் பிடுங்கித் தள்ளி நடட்டும். தேருக்காகத் தெருவை அளக்கத் தெரிந்த ஊருக்கு இது பெரிய காரியமா என்ன?