அந்த இது

"அந்த இதை எடு." அடுப்படியிலிருந்து இப்படி ஒரு குரல் வந்தால், எதை என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. எண்ணெய் காயும் சத்தம் கேட்டால் அது ஜல்லிக்கரண்டி; பால் பொங்கும் நேரமென்றால் இடுக்கி. தொண்டை வரை வந்த பெயர் வெளியே வர மறுக்கும்போது கை காற்றில் ஒரு வட்டம் போடும். பாதிச் சொல் வாயில், மீதி விரலில். 'இ...து' என்று இகரத்தைக் கொஞ்சம் இழுத்துச் சொல்ல வேண்டும். அந்த இழுப்புக்குள் கேட்பவர் கண் அலமாரியைத் துழாவி முடித்திருக்கும்.

பெயருக்கு மட்டுமல்ல, செயலுக்கும் இது ஈடுகொடுக்கும். "அதைக் கொஞ்சம் இது பண்ணி வை" என்றால் மூடவா, துடைக்கவா, அடுப்பைத் தணிக்கவா என்பது சொல்பவர் முகத்தில் இருக்கிறது. ஆட்களுக்கு 'நம்ம இவரு'. "நம்ம இவரு வந்திருந்தாரு, அதான்..." அந்த 'அதான்' தனி அழகு, எதையுமே சொல்லாமல், சொல்லிவிட்ட மாதிரி நம்மையும் சேர்த்துக்கொள்ளும். மரியாதையும் விட்டுப்போவதில்லை, பாருங்கள்: பெயர் மறந்தாலும் இவன், இவரு, இவங்க என்று வயதறிந்துதான் வாய் திறக்கும். இதில் கைதேர்ந்தவர்கள் பாட்டிகள். "அவ, அந்த இவளோட... அப்புறம் இது ஆச்சே" என்று திண்ணையில் ஒரு கல்யாணக் கதையையே பேசி முடித்துவிடுவார்கள். நடுவில் புகுந்து யார், என்ன என்று கேட்டால், இரண்டு பேரும் நம்மைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.