காற்று பார்க்கும் சென்சரும் கடைக்காரர் கையும்

குதிரை லாடத்தின் நடுவே ஆச்சரியக்குறி வைத்தது போல ஒரு மஞ்சள் விளக்கு. வாகனத்தை ஸ்டார்ட் செய்த பின்னும் அது அணையாமல் நின்றால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு. ஒரு நிமிடம் போல மின்னி மின்னி, பிறகு நிலையாக எரிந்தால் கதை வேறு. அப்போது அது சொல்வது காற்றுக் குறைவை அல்ல. காற்றைப் பார்க்கும் சென்சரில்தான் குறை.

பதுளை டயர் கடைகளுக்கு இந்த இரண்டாவது வகை விளக்கோடு வருகிறவர்கள் இனிக் கூடுவார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வாகனங்களையே ஓட்டினோம். டயருக்குள் இருக்கும் சென்சரின் பேட்டரி ஐந்து முதல் பத்து வருடம் உழைக்கும். அதைத் தனியாக மாற்ற முடியாது. பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். பேட்டரி போனால் சென்சரே போனதுதான். ஒன்று போன வாகனத்தில் மற்ற மூன்றும் அதே வயதில் நிற்கின்றன.

அப்படியானால் மாற்றத்தான் வேண்டுமா? எதை வாங்குவது? இந்த மலைக்கு வைத்து மூன்றைப் பார்க்க வேண்டும்: சென்சர் இங்கே உண்மை சொல்கிறதா, இங்கே ஒழுங்காகப் பூட்ட ஆளிருக்கிறதா, கொடுத்த காசுக்கு என்ன தருகிறது.

அதற்கு முன் ஒரு கேள்வி: உங்கள் வாகனத்தில் சென்சர் இருக்கிறதா? அது எந்த நாட்டுக்கென்று செய்த வாகனம் என்பதைப் பொறுத்தது. 2000ஆம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற்ற விவகாரத்துக்குப் பிறகே டயர் காற்றைக் கண்காணிக்கும் ஏற்பாட்டுக்கு அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது. 2007 செப்டம்பரிலிருந்து அங்கே புதிய கார்கள் அனைத்துக்கும் இது கட்டாயம். ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து. ஜப்பானில் அப்படியொரு கட்டாயம் வரவில்லை. நம் வீதிகளில் ஓடுவதோ பெரும்பாலும் ஜப்பானியர் தமக்கென்று செய்த வேகன் ஆர், அக்குவா, விட்ஸ் போன்றவை. பலவற்றில் டயருக்குள் ஒன்றுமே கிடையாது. இன்னும் சில கார்கள், பிரேக்குக்கென இருக்கும் ஏ.பி.எஸ். சென்சர்களைக் கொண்டு சக்கரம் சுழலும் வேகத்தை ஒப்பிட்டு, காற்றுக் குறைவை ஊகிக்கின்றன. அவற்றிலும் இதே லாட விளக்கு உண்டு. டயருக்குள் மட்டும் எதுவும் இல்லை. கையேட்டைப் புரட்டாமல் விளக்கை நம்பி நாலு சென்சர் வாங்கியவருக்கு, டயரைக் கழற்றிய பிறகுதான் அது தெரியவரும்.

இனி முதல் கேள்வி. கொழும்பில் 30 பாகை வெயிலில் 33 பி.எஸ்.ஐ. காற்றடித்து, ஏறத்தாழ 1,430 மீட்டர் உயரத்திலுள்ள அப்புத்தளைக்கு வருகிறோம். மறுநாள் விடியற்காலை 15 பாகைக் குளிரில், வண்டி ஆறி நிற்கும்போது கைமீட்டரை வைத்தால் என்ன காட்டும்? குளிரால் உள்ளே அழுத்தம் 2 புள்ளிக்குச் சற்று மேலே குறைந்திருக்கும். உயரத்தில் வெளிக்காற்று மெலிந்ததால் மீட்டரின் கணக்கு ஏறத்தாழ அதே அளவு கூடியிருக்கும். ஒன்றை ஒன்று தின்றுவிடும்; மீட்டர் 33 என்றே சொல்லும். ஆனால் சில வாகனங்களின் சென்சர் வெளிக்காற்றைப் பார்ப்பதில்லை. உள்ளே உள்ள முழு அழுத்தத்தை அளந்து, கடல்மட்டத்துக்குரிய ஒரே எண்ணைக் கழித்துக் காட்டும். அந்த வண்டியின் டாஷ்போர்டு 31க்குக் கீழே காட்டும். மீட்டரும் பொய் சொல்லவில்லை, சென்சரும் பொய் சொல்லவில்லை. மலையில் இருப்பவர் தன் வண்டிக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் போதும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு: விளக்கு பிந்தியே பேசும். அமெரிக்க விதிப்படி பரிந்துரைத்த அளவிலிருந்து 25 சதவீதம் குறையும்போது அது எரிந்தால் போதும். 33 அடிக்க வேண்டிய டயர் 25க்கு இறங்கும் வரை சத்தமே இல்லாமல் போகலாம். ஒவ்வொரு டயரின் எண்ணையும் தனித்தனியே காட்டும் வண்டிகளுக்கு இந்தக் குறை இல்லை. சுழலும் வேகத்தை வைத்து ஊகிக்கும் வகைக்கோ மலையில் இன்னொரு பலவீனம்: வளைவிலும் கிரவலிலும் அதன் கணக்கு தடுமாறும். பசறையிலிருந்து லுணுகலை வரை நேர்ப்பாதையை எங்கே தேடுவது?

இவ்வளவு குறையிருந்தும் சென்சரை ஒதுக்கிவிட முடியாது. "டயரைப் பார்த்தாலே தெரியாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிச் சத்தத்தில் காற்றறிந்த லொறிக்காரர்களை நானும் பார்த்திருக்கிறேன். இன்றைய ரேடியல் டயர் சரியான காற்றிலும் அடியில் சற்றுப் பிதுங்கியே நிற்கும். பத்துப் புள்ளி இறங்கினாலும் கண்ணுக்குப் பிடிபடாது. தோட்டத்துப் பாதையின் கருங்கல் முனையோ ஆணியோ குத்திய டயர் உடனே இறங்குவதும் குறைவு. இரவெல்லாம் மெல்ல இறங்கும். காலையில் லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கோ பாடசாலைக்கோ கிளம்புகிறவருக்குக் காற்றடிக்கும் இடம் பல கிலோமீட்டர் கீழே, டவுனில். அந்த இறக்கம் தொடங்குமுன் ஒரு விளக்கு சொல்லுமென்றால் அதற்கு மதிப்புண்டு. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2012இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்த ஏற்பாடுள்ள வாகனங்களில் டயர் மிகவும் காற்றிறங்கி ஓடுவது பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. பெட்ரோல் மிச்சம் என்ற விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். நாலு டயரிலும் ஒரு புள்ளி குறைந்தால் 0.2 சதவீதம்தான் இழப்பு. அந்தக் கணக்கில் சென்சர் விலை திரும்பி வர நெடுங்காலம் ஆகும்.

எதை வாங்குவது? கம்பெனியின் அசல் சென்சர் பொருந்துவதில் சந்தேகமில்லை, விலைதான் கடிக்கும். வெளிக் கம்பெனிகள் செய்யும், கருவி வைத்து எந்த வண்டிக்கும் பழக்கக்கூடிய சென்சர் நியாயமான தெரிவு. ஆனால் அலைவரிசை பொருந்த வேண்டும். ஜப்பானிய, அமெரிக்க வண்டிகள் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பிய வண்டிகள் 433. மாறிப் போட்டால் சென்சர் கத்திக்கொண்டே இருக்கும், வண்டிக்குக் கேட்காது. கொழும்புப் பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும் கழற்றிய சென்சரை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளியே எவ்வளவு துடைத்தாலும் உள்ளே பேட்டரியின் மிச்ச ஆயுள் யாருக்கும் தெரியாது. வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் வகை மலிவு, எண்ணும் காட்டும், சென்சரே இல்லாத வண்டிக்கும் போடலாம். ஆனால் ரப்பர் வால்வின் நுனியில் அது ஒரு சுமை. தேயிலைச் செடி உரசும் ஒற்றைப் பாதையில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கழற்றிக்கொண்டு போக ஒரு கை போதும்.

கடைசியில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது பூட்டுகிற கை. டவுனை ஒட்டிய ஒரு டயர் கடையில் என் கண்முன்னே நடந்தது இது. சக்கரத்தை இயந்திரத்தில் சாய்த்து, டயர் விளிம்பைப் பிரிக்கும் தட்டை நேராக வால்வுக்குப் பக்கத்திலேயே வைத்து மிதித்தார்கள். 'டக்' என்று ஒரு சத்தம். டயரைப் புரட்டியபோது, தீப்பெட்டியளவு கறுப்புப் பெட்டி இரண்டாகி உள்ளே உருண்டது. "அண்ணே, இதுக்குள்ள சென்சர் இருக்குன்னு முன்னுக்கே சொல்லியிருக்கலாமே" என்றார் கடைத் தம்பி. சொல்லாதது என் பிழை. உலோக வால்வைப் பார்த்தும் சந்தேகப்படாதது அவர் பிழை. பிரிக்கும் தட்டு வால்வுக்கு எதிர்ப்புறத்தில் இறங்க வேண்டும். வால்வின் நட்டை விசைக்கணக்குப் பார்க்கும் சாவியால் இறுக்க வேண்டும். கைபோன போக்கில் முறுக்கினால் அலுமினியத் தண்டு முறியும். பழைய ரப்பர் வளையத்தை மறுபடி போடக்கூடாது. நிக்கல் பூசிய உள்வால்வை எடுத்துவிட்டுச் சாதாரணப் பித்தளை உள்வால்வைப் போட்டால், ஊவாவின் ஈரத்தில் அதுவும் அலுமினியத் தண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். சென்சர் சில பத்துக் கிராம் எடை. பூட்டியபின் சக்கரத்தை மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டும்.

பூட்டினால் முடிந்ததா? ஒவ்வொரு சென்சருக்கும் தனி எண் உண்டு. அதை வண்டிக்கு அறிமுகப்படுத்த வேண்டும். சில வண்டிகள் ஓட ஓடத் தாமாகவே கற்றுக்கொள்ளும். அதற்குக் குறிப்பிட்ட வேகத்தில் நிற்காமல் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து, எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி ஓடும் பாதையில் அது கைகூடாமல் போகலாம். மற்ற வண்டிகளில் பலவற்றுக்கு ஸ்கேனர் தேவை. அது இல்லாத கடையில் புதுச் சென்சர் போட்டால், விளக்கு பழையபடி மின்னி, நிலையாக எரியும்.

ஆகவே என் தீர்ப்பு. வண்டியோடு பிறந்த சென்சர் போயிருந்தால் மாற்றுங்கள். புது டயர் போடும் நாளில், நாலையும் ஒன்றாக, பழக்கக்கூடிய புதுச் சென்சராகப் போடுங்கள். கழற்றிப் பூட்டும் கூலி ஒரு தடவையோடு போகும். பிறவியிலேயே இல்லாத வண்டிக்கு உள்சென்சர் தேடி அலைவது வீண். தினமும் தோட்டத்துப் பாதையில் போய்வருபவர், உலோக வால்வு மாற்றிக்கொண்டு வெளிமூடி வகையைப் பூட்டினால் அதில் பிழை சொல்ல மாட்டேன். ஸ்பேர் வீலை மட்டும் யாரும் இறக்கி வைக்க வேண்டாம். சென்சர் குறையைச் சொல்லும், டயரை மாற்றித் தராது.

சென்சருக்கு முன் கடையைத் தெரிவு செய்யுங்கள். ஸ்கேனர் இருக்கிறதா, விசை பார்க்கும் சாவி இருக்கிறதா, புது ரப்பர் வளையம் தருவீர்களா என்று மூன்றே கேள்வி. பதுளையில் மூன்றுக்கும் ஆமென்று சொல்லும் கடை கிடைத்தால் சென்சருக்குக் காசு கொடுக்கலாம். கிடைக்காவிட்டால், அந்தக் காசில் ஒரு சிறு பங்குக்கு நல்ல கைமீட்டர் ஒன்று வாங்கி, மாதமிருமுறை விடியலில் குனிந்து பாருங்கள். விளக்கு 25இல் சொல்வதை அது 31லேயே சொல்லிவிடும்.