நேர்ச்சுவரின் நிழல்

தாண்டிக்குடி காப்பித் தோட்டங்களின் மேல் மூடுபனி விலகிய இரவில் நிலாவுக்குத் தொலைநோக்கியைத் திருப்பினால், புதிதாகப் பார்க்க வருகிறவர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: ஆம்ஸ்ட்ராங் விட்டுவந்த கலம் தெரியுமா?

தெரியாது. மேலே கொடைக்கானல் வானாய்வகத்தில் 20 செ.மீ. லென்ஸ் கொண்ட தொலைநோக்கி ஒன்று உண்டு. 3,84,400 கி.மீ. தொலைவிலுள்ள நிலாவில் அந்த அகலத்துக்குப் பிரித்துக் காட்டக்கூடியது ஏறத்தாழ 1.3 கி.மீ. அளவுள்ளதைத்தான். ஒளி அலையாக இருப்பதால் வரும் வரம்பு இது. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் மங்கல்தான் பெரிதாகும்.

காவலூரின் 2.34 மீட்டர் வேணு பாப்பு தொலைநோக்கிக்குக் கணக்குப்படி 110 மீட்டர் வரை எட்ட வேண்டும். நடுவில் காற்று இருக்கிறதே! அது பிம்பத்தை ஒரு விகலை கலைத்தாலே நிலாவில் 1.9 கி.மீ. குழம்பிவிடும். காற்றுக்கு மேலே சுற்றும் ஹபிளுக்குக்கூட எல்லை 100 மீட்டர் அளவில்தான். அப்போலோ இறங்குகலமோ கால்களையும் சேர்த்து 9 மீட்டர் சொச்சம்.

அதனால் கேமராவே அங்கே போக வேண்டியிருந்தது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-இன் இறங்குகலமான விக்ரம் நொறுங்கி விழுந்தபோது, நிலாவைச் சுற்றிவரும் நாசாவின் எல்.ஆர்.ஓ. எடுத்த பழைய படங்களையும் புதிய படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துழாவினார் மதுரைக்காரரான பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். முன்பு இல்லாத ஒரு வெண்புள்ளி அவர் கண்ணில் பட்டது. விழுந்த இடத்துக்கு 750 மீட்டர் வடமேற்கில் கிடந்த சிதறல் அது. டிசம்பரில் நாசா உறுதிசெய்தது. கருவி எவ்வளவு கூர்மையானாலும் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம்மிடம் இல்லை.

தோட்டத்து முற்றத்தில் நிற்கும் சிறு தொலைநோக்கிக்கும் அதே கண்தான் தேவை. முழுநிலா அதற்கு ஏற்ற நாளல்ல. வெளிச்சம் நேராக விழுந்து மேடுபள்ளம் எல்லாம் தட்டையாகிவிடும். நிழல்கள் நீண்டு விழும், பகலும் இரவும் சந்திக்கும் கோட்டருகே பார்க்க வேண்டும். 101 கி.மீ. அகலமுள்ள பிளேட்டோ பள்ளத்தின் கரிய தரையில் இரண்டு, மூன்று கி.மீ. அளவில் குட்டிக் குழிகள் சில உண்டு. பழகியவர்கள் லென்ஸையும் அன்றைய காற்றையும் ஒருசேர எடைபோட அவற்றையே தேடுவார்கள். காற்று அசையாமல் நிற்கும் ஓரிரு நொடிகளில் குழிகள் வெளிவரும், உடனே மறையும். அந்த நொடிக்காகக் கண்ணை எடுக்காமல் காத்திருப்பதில்தான் இந்தக் கலையின் சுவையே இருக்கிறது.

ஆனால் நிழல் செய்யும் உபகாரத்தை முழுதாகக் காட்டுவது நேர்ச்சுவர் எனப்படும் ரூபஸ் ரெக்டா. நீளம் 110 கி.மீ.; உயரம் முந்நூறு மீட்டருக்குள்தான். அந்த உயரம் கொடைக்கானல் லென்ஸின் வரம்புக்கு எவ்வளவோ கீழே. இருந்தும் அங்கே சூரியன் உதித்துத் தாழ்வாக நிற்கும்போது நிழல் உயரத்தைப்போலப் பல மடங்கு நீண்டு, சிறிய தொலைநோக்கியிலும் மெல்லிய கருங்கோடாகத் தெரிகிறது. வளர்பிறை அஷ்டமி, நவமி இரவுகளில் பார்க்கலாம். தேய்பிறை அஷ்டமியை ஒட்டி, பின்னிரவில் எழுந்து பார்க்கிறவருக்கு, மேற்கிலிருந்து வெயில் சுவரின் முகத்தில் அடிக்க, அதுவே வெள்ளைக் கோடாக மாறியிருக்கும்.