ஒற்றைச் சிப்பியும் ஓர் இனப்பெயரும்

இலங்கையின் மன்னார்க் கரையிலுள்ள அரிப்பில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடலடிச் சிப்பித் திட்டான பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை அள்ளிவந்து, அவற்றில் கிடைத்த முத்துகளை மதிப்பிட்ட பிறகே குளிப்பை அறிவித்தார்கள். ஒரே சிப்பியைப் பிளந்து பாரின் தரத்தைச் சொல்ல முடியாது. டைனோஃபிளாஜெலேட் என்னும் கடல் நுண்ணுயிரியின் புதைபடிவ உறைகளுக்குப் பெயரிடும்போதும் இந்த நிதானம் வேண்டும். புதிய இனத்தை அறிவிக்க ஓர் உறையை மூலமாதிரியாகக் காட்டச் சொல்லும் பெயரிடல் விதி, எத்தனை உறைகளை அளக்க வேண்டும் என்று சொல்வதில்லை.

வடிவத்தை வைத்து உறைகளை வகைப்படுத்தும் முறையின் வலிமை பெரிது. பாறைத்துண்டை அமிலத்தில் கரைத்தால் கனிமங்கள் போய், கரிமச் சுவர் கொண்ட உறைகள் எஞ்சும். நுண்ணோக்கியில் அவற்றின் முட்களும், உள்ளிருந்த உயிர் வெளியேறிய வாசலும் தெரியும். எதுவென்று விளங்காமல் ஹிஸ்ட்ரிக்கோஸ்பியர் என்று அழைக்கப்பட்ட முள்ளுருண்டைகளில் பல டைனோஃபிளாஜெலேட் உறைகளே என்று 1961இல் வில்லியம் எவிட் நிறுவியது, அந்த வாசலையும் முட்களின் ஒழுங்கையும் கொண்டுதான். தமிழ்நாட்டுக் கல்லக்குடியின் சாம்பல்நிறக் களிப்பாறையை 1970களில் ஆராய்ந்தவர்களுக்கும் இத்தகைய அடையாளங்களே கைகொடுத்தன. 2011இல் எரிவாயு கண்டறியப்பட்ட மன்னார் கடற்படுகை போன்ற இடங்களில், துளையிடும்போது மேலே வரும் சிறு கற்துண்டுகளிலும் இவ்வுறைகள் சிதையாமல் இருக்கக்கூடும். பாறையின் வயதைக் கணிக்க அவை உதவும்.

ஆனால் முள் எப்போதும் நம்பத்தக்க சாட்சியல்ல. லிங்குலோடினியம் மக்கேரோஃபோரம் உறையின் முள் நீளம் கடல்நீரின் உப்புக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப மாறுவதைக் கென்னத் மெர்டென்ஸ் குழுவினர் 2009இல் காட்டினர். அருவியாறு கடலில் கலக்கும் அரிப்பை அண்டிய கரையில், மாரியில் உப்பு குறையும், கோடையில் ஏறும். இப்படிப்பட்ட பழைய கழிமுகப் படிவில் குட்டை முள்ளுறை ஒன்றும் நெட்டை முள்ளுறை ஒன்றும் கிடைத்தால், ஓரினம் இரண்டு பெயர் பெற்றுவிடும். பிறகு அப்பெயர்களைக் கொண்டு கணிக்கும் வயதும் பிழைபடும்.

அழிந்த உயிரின் உறையைப் பொரிக்கவைத்து, முள் எப்படி மாறுகிறது என்று சோதிக்க முடியாதே, கிடைத்ததே ஒன்றிரண்டு என்றால் என்ன செய்வது என்று கேட்கலாம். அப்போது பேரினப் பெயரோடு நிறுத்தி, படமும் அளவும் வெளியிட்டால் போதும். அறிவு எதையும் இழக்காது. இனங்களை ஒன்றாக்கினால் நுண்ணிய வேறுபாடுகள் மறையும் என்ற அச்சம் நியாயமானதே. அவற்றைக் காக்க முள்ளின் அளவுகளைப் பதிந்தால் போதும், தனிப்பெயர் தேவையில்லை. மூலமாதிரி பெயருக்கு நங்கூரம். இனத்தின் எல்லையைக் காட்டுவது, அதனுடன் ஒரே படிவில் கிடந்த மற்ற உறைகளே.