மூன்றாம் இரவை யார் எழுதுவது?

"உள்ள போட்டாத்தான் தெளிவான்."

சாத்தூர், திருத்தங்கல், சிவகாசி பக்கம் வளர்ந்த யாரும் இந்த வாக்கியத்தை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். டீக்கடையில் சொல்வார்கள், ஸ்டேஷன் வாசலில் சொல்வார்கள், சில நேரம் பெத்த அம்மாவே சொல்வாள். தமிழில் ‘தெளிதல்’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. போதையும் தெளியும், புத்தியும் தெளியும். சிறை இரண்டையும் ஒரே செலவில் முடித்துக் கொடுத்துவிடும் என்று நம்புகிறோம். அதனால்தான் அந்த வாக்கியம் இவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது.

அந்த வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பிரதிகளை வாசிக்கப் பார்க்கிறேன். ஒன்று சினிமா, வசந்தபாலனின் ‘வெயில்’ (2006). இன்னொன்று நாவல், ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974). மூன்றாவது, போதைப்பொருள் தடுப்புச் சட்டம் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு. சட்டப்பிரிவுக்கு இலக்கிய விமர்சனத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். அதிலும் ஒரு மனிதன் இருக்கிறான். அவனுக்கு ஒரு சிக்கல், ஒரு கெடு, ஒரு முடிவு இருக்கின்றன. நம் கதைகள் யோசிக்காத ஒரு முடிவை அது யோசித்திருக்கிறது. அது எங்கே சறுக்குகிறது என்பதும் கதை வாசித்துப் பழகிய கண்ணுக்குத் தெரியும்.

எனக்கு இது வெறும் வாசிப்பு விஷயம் இல்லை. என் தாய்மாமா பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிற வேலை பார்த்தவர். எங்கள் பக்கம் ‘மருந்து’ என்றால் முதலில் வெடிமருந்துதான், மாத்திரை அப்புறம். ஒரு சனிக்கிழமை ராத்திரி, சம்பளம் வாங்கிய கையோடு நடந்த அடிதடியில் மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ரிமாண்ட் ஆனது. எந்தச் சிறை என்பது இங்கே தேவையில்லை. மூன்றாம் நாள் ராத்திரி அவருக்கு உடம்பெல்லாம் உதறியிருக்கிறது. சுவரில் பூரான் ஊர்கிறது என்று கத்தியிருக்கிறார். "நடிக்கிறான்" என்றார்களாம். விடியும்வரை பக்கத்தில் படுத்திருந்த யாரோ ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாராம். பதினைந்து நாள் கழித்து மெலிந்து, முகம் தெளிந்து வெளியே வந்தார். "பாத்தியா, உள்ள போனான், தெளிஞ்சுட்டான்" என்றது குடும்பம். அடுத்த சனிக்கிழமை மறுபடி குடித்தார்.

‘வெயில்’ படத்தில் வரும் தண்டனை விருதுநகர்க்காரர்களுக்கு அந்நியமானது இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுச் சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்து புகைபிடித்த பையனை அப்பா பிடிக்கிறார். துணியை உருவி, உச்சி வெயிலில் கட்டிப் போடுகிறார். பையன் வீட்டை விட்டு ஓடுகிறான். இருபது வருஷம் கழித்துத் தோற்றுப்போன மனிதனாகத் திரும்பி வருகிறான். வசந்தபாலன் அந்த அப்பாவைக் கொடுமைக்காரராகக் காட்டவில்லை. பிள்ளையைத் திருத்தத்தான் அவர் அதைச் செய்கிறார். படத்தின் நிஜமான வலி அங்கேதான் இருக்கிறது.

தமிழில் ‘திருந்து’ வேறு, ‘திருத்து’ வேறு. திருந்துவது ஒருவன் தானாகச் செய்வது. திருத்துவது அவன்மேல் இன்னொருவர் செய்வது. ஒற்றெழுத்து மாறியதும் செய்கிறவர் மாறிவிடுகிறார். நம் சிறைத்துறையின் பெயர் ‘சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை’. அதில் இருப்பதும் ‘திருத்து’தான். முருகேசனின் அப்பா வீட்டு வாசலில் செய்ததும் சின்ன அளவில் ஒரு சீர்திருத்தப் பணி. படம் அதன் பலனை இரண்டரை மணி நேரம் காட்டுகிறது. ஆனால் ஒரு இடத்தில் எனக்குப் படத்தோடு மனத்தாங்கல் உண்டு. அந்த சிகரெட் ஒரு சாக்காக வந்துவிட்டுப் போய்விடுகிறது. தண்டனை எப்படி ஒருவனை உடைக்கிறது என்று ‘வெயில்’ சொல்கிறது. பழக்கம் எப்படி ஒருவனைப் பிடித்து வைக்கிறது என்று அது கேட்கவே இல்லை.

அதைக் கேட்டவர் நாகராஜன். ‘நாளை மற்றுமொரு நாளே’ கந்தன் என்கிறவனின் ஒரே ஒரு நாள். காலையில் கண் விழிக்கும்போதே அவன் உடம்பு சாராயம் கேட்கிறது. குடிப்பது கொண்டாட்டத்துக்காகவோ சோகத்துக்காகவோ இல்லை, எழுந்து நிற்பதற்காக. நம் சினிமாவில் குடிகாரன் என்றால் ஒன்று காமெடி, இல்லாவிட்டால் காதல் தோல்வி. நாகராஜன் இரண்டையும் தொடவில்லை. குடியை உடம்பின் கணக்காக எழுதினார், நியாயமும் சொல்லவில்லை, கண்டிக்கவும் இல்லை. தானும் போதையோடு வாழ்ந்து 1981இல் மதுரையில் இறந்துபோனவர் அவர். அதனால்தான் அப்படி எழுத முடிந்தது என்று சொல்வது அவருடைய எழுத்தைக் குறைப்பதாகும். பார்த்ததைத் தீர்ப்புச் சொல்லாமல் வைக்கிற பயிற்சி அது.

கந்தனின் காலையை முதன்முதலில் படித்தபோது எனக்கு மாமா ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. "ஏன் மாமா காலையிலயே?" என்று கேட்டேன். "ஒரு வாய் போட்டாத்தான் கை நிக்கும் மருமகனே. நடுங்குற கையோட மருந்த தொடச் சொல்றியா?" என்றார். போதையில் இருப்பவர் வெடிமருந்தைக் கையாளக் கூடாது என்று 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் சொல்கின்றன. சரியான விதிதான். பட்டாசு மருந்துக்கு ஒரு உரசல் போதும். ஆனால் குடிக்காததால் நடுங்குகிற கையைப் பற்றி எந்த விதியும் பேசவில்லை. மாமா தன் கணக்கில் பாதுகாப்புக்காகக் குடித்தார். இதை நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. அவரை வாசிக்க வேண்டுமென்றால் இந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்கிறேன்.

கந்தனின் அந்த நாள் முடியும்போது அவன் போலீஸ் கையில் இருக்கிறான். நாவல் அங்கே நின்றுவிடுகிறது. கலையாக அது சரியான முடிவு. தலைப்பே சொல்கிறதே, நாளையும் இதே மாதிரி இன்னொரு நாள்தான் என்று. ஆனால் உடம்பின் கணக்கில் அது சரியில்லை. கந்தனுக்கு நாளை இன்னொரு நாள் இல்லை, நாளைக்குச் சாராயம் கிடையாது. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி பேதலிப்பு வரும், இல்லாதது தெரியும். கவனிக்காவிட்டால் உயிரே போகும். கவனித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். டயஸெபாம் வகை மாத்திரையும் தையமின் ஊசியும் அரிய மருந்துகள் இல்லை. ‘தெளிதல்’ என்று நாம் சொல்வதன் உள்ளே இருப்பது இதுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 39ஆம் பிரிவுக்கு வருவோம். போதைப்பொருளை உட்கொண்ட குற்றத்திலோ, சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலோ (கஞ்சா என்றால் 1 கிலோ வரை) ஒரு போதை அடிமை குற்றவாளி என்று முடிவாகிறது. அவருடைய வயது, குணம், கடந்த காலம், உடல் மன நிலை ஆகியவற்றைப் பார்த்து நீதிமன்றம் உடனே சிறைக்கு அனுப்பாமல், அவருடைய சம்மதத்தோடு, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சைக்கு விடலாம். பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 1 வருஷத்துக்குள் சிகிச்சையின் பலன் பற்றிய அறிக்கையோடு வந்து நிற்க வேண்டும். அறிக்கை திருப்தியாக இருந்தால் எச்சரித்து, அதிகபட்சம் 3 வருஷப் பிணைப்பத்திரத்தோடு விட்டுவிடலாம்.

ஒரு கதைச்சுருக்கமாகப் படித்தால் இது நல்ல கதை. நாயகனுக்கு ஒரு கடந்த காலம் இருக்கிறது. அதைவிட, ‘சம்மதம்’ என்ற சொல் இருக்கிறது. அதே சட்டத்தின் 64அ பிரிவு இன்னொரு படி மேலே போகிறது. தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொள்பவர்மேல் இந்தச் சிறிய குற்றங்களுக்கு வழக்கே நடக்காது, பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். ‘வெயில்’ அப்பாவிடமும் நம் டீக்கடை வாக்கியத்திலும் இல்லாத மரியாதை இந்த இரண்டு பிரிவுகளிலும் இருக்கிறது.

ஆனால் மூன்று இடத்தில் இந்தக் கதை உடைகிறது. முதலாவது, நாயகன் யார் என்பதில். இந்தச் சட்டத்தில் சாராயமோ பிராந்தியோ கிடையாது. தமிழ்நாட்டில் மதுவுக்கு வேறு சட்டம், 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம். பெயர் மதுவிலக்கு. 2003இலிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். என் மாமாவைப் போலக் குடித்துவிட்டு அடிதடியில் மாட்டியவருக்கு 39ஆம் பிரிவின் கதவு திறக்காது. 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின்படி, போதை வஸ்துக்களைத் தொடக் கூடாது என்று நீதிமன்றம் நிபந்தனை போடலாம். "குடிக்காதே" என்று சொல்ல அங்கே இடம் இருக்கிறது. எப்படி நிறுத்துவது என்பது அவன் பாடு.

இரண்டாவது, சம்மதம். முன்னால் மருத்துவமனை, பின்னால் சிறை, சொல் உன் சம்மதத்தை என்றால் அது எவ்வளவு சம்மதம்? இது நம் ஊர்க் கேள்வி மட்டும் இல்லை. அமெரிக்காவில் மயாமியில் 1989இல் போதை வழக்குகளுக்கென்று தனி நீதிமன்றம் தொடங்கினார்கள். நீதிபதியே சிகிச்சையைக் கண்காணிப்பார், தவறினால் தண்டனை. அது பலரைக் காப்பாற்றியது என்பவர்களும், நோய் முற்றியவன்தான் அதிகம் தவறுவான், அவனைத்தான் அது திரும்பச் சிறைக்கு அனுப்புகிறது என்பவர்களும் இன்றுவரை வாதாடுகிறார்கள். அரைகுறைச் சம்மதமாவது கேட்கிறார்களே என்பதற்காக நான் 39ஆம் பிரிவின் பக்கம். நம் வீடுகளில் அதுவும் கிடையாது. ‘குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்’ என்று விளம்பரம் செய்கிற பொடிகளைக் குழம்பில் கலந்து கொடுக்கிறோம். அதில் சில மருந்துகள், குடித்தால் உடம்பை மோசமாகப் புரட்டிப் போடக்கூடியவை. திருத்துவதற்கு நாங்கள் இருக்கும்போது திருந்துவதற்கு நீ எதற்கு என்பதுதான் அதன் அர்த்தம்.

மூன்றாவதுதான் பெரியது, காலம். 39ஆம் பிரிவு பேசத் தொடங்குவது குற்றம் முடிவான பிறகு. வழக்கு நடந்து அந்த நாள் வருவதற்கு மாதங்கள் ஆகலாம், வருஷங்களும் ஆகலாம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார்கள். அந்த நேரத்தில் அவர் பெரும்பாலும் ‘தெளிவாக’ நிற்பார், கை மட்டும் லேசாக நடுங்கும். உடம்பு தன் வழக்கை விசாரிப்பது அடுத்த மூன்று ராத்திரிகளில், ரிமாண்டில். நாகராஜனின் நாவல் கைதோடு முடிகிறது. சட்டத்தின் கதை தீர்ப்போடு தொடங்குகிறது. நடுவில் இருக்கிற மூன்றாம் இரவு இரண்டிலும் இல்லை.

சட்டம் அந்த இரவை முற்றிலும் மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மது, போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவில் மனநல சிகிச்சையிடம் அமைக்கவும் சொன்னது. முக்கியமான அடிதான். ஆனால் மாநிலத்துக்கு ஒன்று என்பது எந்தக் கிளைச்சிறையின் மூன்றாம் இரவுக்கும் எட்டுகிற தூரம் இல்லை. செய்ய முடியாத காரியமும் இல்லை. டெல்லி திகார் சிறையில் 2008இலேயே ஓபியம் வகைப் போதைக்கு அடிமையானவர்களுக்கு மாற்று மருந்து சிகிச்சை தொடங்கினார்கள். வாசலில் பெயர் எழுதும்போதே "கடைசியா எப்பக் குடிச்ச? தினமும் எவ்வளவு?" என்று கேட்கிற ஒரு ஆளிலிருந்து இது ஆரம்பிக்கிறது.

பட்டாசுக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தை மறுநாளுக்குப் பூட்டி வைக்கக் கூடாது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பூட்டிய அறைக்குள் அது தானாகத் தணிந்துவிடும் என்று யாரும் நினைப்பதில்லை. மனிதனைப் பூட்டும்போது மட்டும் நினைக்கிறோம்.

இலக்கியம் இதில் என்ன செய்யும் என்று கேட்டால், சட்டத்தை மாற்றாது. ஆனால் "நடிக்கிறான்" என்று சொன்னவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்த கதைகளில் குடிகாரன் நடிப்பவன்தான். ஐம்பது வருஷமாகக் காமெடிக் காட்சியில் உதறிக்கொண்டிருந்த ஒரு உடம்பு நிஜமாக உதறும்போது அதை எந்தக் கதையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்? நாகராஜன் காலையை எழுதிக் கொடுத்தார். வசந்தபாலன் வெயிலைக் காட்டினார். அந்த ராத்திரி பாக்கி இருக்கிறது. கரிசல் காட்டிலிருந்து இப்போது எழுத வரும் இளைஞர்களிடம் எனக்கு இருக்கிற எதிர்பார்ப்பு அதுதான். நீதியும் வேண்டாம், பரிதாபமும் வேண்டாம், மணிக்கணக்கைத் தவறவிடாமல் எழுதினால் போதும்.

மாமா இப்போது மருந்து ரூமில் இல்லை, பெட்டி ஒட்டுகிற பக்கம் மாற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போய்வந்தார். இரண்டாவது தடவை தானாகவே போனார். விட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான், எழுத மாட்டேன். அந்த ராத்திரி கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் யார் என்று ஒருமுறை கேட்டேன். "பேரு கேக்கலையே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவனும் நடுங்கிட்டுத்தான் இருந்தான் மருமகனே" என்றார்.